கல்லறை, பிள்ளைகள், காணிக்கைப் பை: வடசென்னைச் சபைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சபையில் இருபது வருடத்துக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளி, அதாவது சண்டே ஸ்கூல் நடத்துகிறேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணுகிற மேசையிலும் உட்காருவேன். இந்த இரண்டு வேலையிலும் இருப்பவளிடம் மூன்று விஷயம் கேட்பார்கள்: செத்தவர்களைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, பணத்தைப் பற்றி. அதுவும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பார்கள். அந்த அவசரத்தில் பாதிப் பதில்தான் வாயில் வரும். மீதியை இங்கே எழுதியிருக்கிறேன். நான் போதகர் இல்லை. உபதேசத்தில் சந்தேகம் இருந்தால் உங்கள் சபை ஐயரையோ பங்குத்தந்தையையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா தவறி ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு ஆராதனை வைத்தே ஆக வேண்டுமா?

வைத்தே ஆக வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. முப்பதாம் நாள், வருட நினைவு எல்லாம் நம் ஊர் வழக்கம். சபை அதை ஜெபத்தோடு ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். வைக்காவிட்டால் அம்மாவுக்கு ஒரு குறையும் வராது.

எப்படி வைப்பது என்பதில்தான் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் தபீத்தாள், அதாவது தொற்காள் வருகிறாள். யோப்பா என்கிற துறைமுக ஊரில் ஏழை எளியவர்களுக்கு உடை செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள், நோய் வந்து இறந்துபோகிறாள். இயேசுவின் சீடர் பேதுருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவர் மேல்வீட்டுக்கு ஏறிப் போனால் விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டு நிற்கிறார்கள். அவள் அப்படிப்பட்டவள், இப்படிப்பட்டவள் என்று அவர்கள் பேசியதாக ஒரு வரி இல்லை. அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள் என்றுதான் இருக்கிறது. இந்தப் பேதுருவுக்குக் கத்தோலிக்கத் தமிழில் ராயப்பர் என்று பெயர். ராயபுரத்துக்குப் பெயர் வந்ததே அவரால்தான். நம்ம பேட்டைக்காரர் நேரில் நின்று பார்த்த நினைவுக் கூட்டம் அது என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிக்கும், ஆனால் மறக்காது.

நான் பார்த்ததில் மனதில் நின்ற ஒரு நினைவு ஆராதனை பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில் நடந்தது. இறந்த அம்மா தெருவோரத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவர். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்தபின் மகன் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கடன் எழுதி வைக்கிற நோட்டு. அட்டை முழுக்க எண்ணெய்க் கறை. பெயர்கள் இருக்கிற பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, தொகை இருக்கிற ஓரத்தை மட்டும் காட்டினார். பணம் வந்த இடத்தில் எல்லாம் அம்மா ‘வரவு’ என்று எழுதியிருந்தார். வராத இடத்தில், சில மாதம் கழித்து, வேறு நிறப் பேனாவால் ஒரே ஒரு கோடு. பக்கத்துக்கு மூன்று, நான்கு கோடு இருந்தது. அவர் ஒன்றும் விளக்கவில்லை. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

உங்கள் அம்மாவின் பெட்டியிலும் அப்படி ஏதாவது இருக்கும். தேடிப் பாருங்கள்.

அப்பா வழிச் சொந்தம் எல்லாரும் இந்துக்கள். படத்துக்கு மாலை போட்டு, படையல் வைக்கிறார்கள். போகலாமா?

போங்கள். துக்க வீட்டு வாசலில் நின்று உபதேசம் பண்ணாதீர்கள். படைத்ததைச் சாப்பிடுவது, படத்துக்கு மாலை போடுவது இரண்டிலும் சபைக்குச் சபை பழக்கம் வேறு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8, 10 அதிகாரங்களில் இந்தச் சங்கடம்தான். பக்கத்தில் இருக்கிறவனுடைய மனச்சாட்சியையும் பார் என்கிறார். மாலை போட மனம் ஒப்பவில்லை என்றால் பந்தி பரிமாறுங்கள், பாத்திரம் கழுவுங்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் போகலாமா? அது கத்தோலிக்கர் பண்டிகைதானே?

கத்தோலிக்கர்கள் அன்றைக்கு இறந்தவர்களின் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து ஜெபிக்கிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை. அவர்களைக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்கிறோம். பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் இந்த நாளைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் நம் பக்கத்துக் குடும்பங்களை எடுத்துப் பாருங்கள். அத்தை ஆர்.சி., சித்தப்பா பெந்தெகொஸ்தே, நாம் சி.எஸ்.ஐ. எல்லாருக்கும் வேண்டப்பட்டவர்கள் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாகத்தான் படுத்திருக்கிறார்கள். அதனால் தாராளமாகப் போகலாம்.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனை. அது மழைக்காலம். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும், கால் வைத்தால் சேறு. பூவும் மெழுகுவர்த்தியும் மட்டும் வாங்கிக்கொண்டு போனால் போதாது. ஒரு வாளி, தேங்காய் நார், சுண்ணாம்பு, சின்ன மண்வெட்டி எடுத்துப் போங்கள். கடற்காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி மேலே கவிழ்த்தால் அணையாமல் இருக்கும்.

பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கல்லைக் கழுவுகிற வேலையை அவர்களிடம் விடுங்கள். பாசி போகப் போக எழுத்து தெரியும், அப்போது ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சென்னையில் புதுக் கல்லறைக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. குடும்பக் கல்லறையையே திறந்து அடுத்தவரை அடக்கம் செய்கிறோம். எங்கள் கல்லில் நான்கு பெயர் இருக்கிறது. கடைசிப் பெயரைக் காலடியில் பொடி எழுத்தில் நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். என் தங்கை மகள் எண்ணிப் பார்த்துவிட்டு, “நாலு பேரா? உள்ளே நெருக்கமா இருக்காதா பெரியம்மா?” என்றாள். வீட்டிலும் அப்படித்தானே ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தோம் என்றேன். அந்த எட்டுப் பேர் யார் யார் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

இன்னொன்று. பக்கத்துக் கல்லறைக்கு யாரும் வராமல் கிடந்தால் அதையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். சுண்ணாம்பு எப்படியும் மீதி இருக்கும்.

கண்ணீர் அஞ்சலி பேனர், கானா கச்சேரி எல்லாம் கிறிஸ்தவ வீட்டில் வைக்கலாமா?

கானாவைப் பற்றி எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு உண்டு. மரண கானா வடசென்னையின் சொத்து. செத்தவர் எந்த டீக்கடையில் உட்காருவார், எந்தப் படகில் போனார், யாரோடு சண்டை போட்டார், எப்படிச் சமாதானம் ஆனார் என்று ராத்திரி முழுக்க ஆளையே கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். நம் அடக்க ஆராதனையில் பல நேரம் பெயரை மாற்றிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பிரசங்கம்தான் நடக்கிறது. சவுல் ராஜாவும் அவன் மகன் யோனத்தானும் இறந்தபோது தாவீது பாட்டுத்தான் பாடினான், 2 சாமுவேல் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டில் சவுலின் கேடயம் வருகிறது, யோனத்தானின் வில் வருகிறது. பாடுவதில் தப்பில்லை. ராத்திரி முழுக்கக் குடி ஓடுவதும், அதற்கு வட்டிக்கு வாங்குவதும்தான் தப்பு.

பேனர் வேண்டாம். பதினாறாம் நாள் அது ஏதாவது தள்ளுவண்டி மேல் மழைக்குப் போர்த்தியிருக்கும். அதுவாவது உபயோகம்.

டிசம்பர் 26 அன்று காசிமேட்டுக் கரையில் சுனாமி நினைவாகப் பால் ஊற்றுகிறார்கள். நாமும் ஊற்றலாமா?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை. நம்மில் சிலர் அந்த நேரம் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம், சிலர் கரையில் இருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் கடலில் பால் ஊற்றி, பூ போடுகிறார்கள். நான் பூ எடுத்துப் போகிறேன், பால் ஊற்றுவதில்லை. என் பக்கத்தில் நிற்கிறவர் ஊற்றுகிறார். எங்களுக்குள் இதில் சண்டை வந்ததில்லை.

எனக்கு இதில் கவலை வேறு. இன்று ஓய்வுநாள் பள்ளியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளைகூட அன்று பிறந்திருக்கவில்லை. யோசுவா 4-ஆம் அதிகாரத்தில் யோர்தான் நடுவிலிருந்து பன்னிரண்டு கல்லை எடுத்து, கரையேறித் தங்கின இடத்தில் நாட்டுகிறார்கள். எதற்கு? பின்னால் வரும் பிள்ளைகள் ‘இந்தக் கல் என்ன?’ என்று தகப்பன்மாரைக் கேட்கட்டும் என்றுதான். அந்த வரிசையை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. முதலில் கல், அப்புறம் பிள்ளையின் கேள்வி, பெரியவர்கள் வாய் திறப்பது அதற்குப் பிறகு. நாம் தலைகீழாகச் செய்கிறோம். அதனால் அன்றைக்குக் காலை பிள்ளையைக் கரைக்குக் கூட்டிப் போங்கள், கேட்கிறவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுங்கள், நமக்கு அழகில்லாததையும். சுனாமியில் எல்லாம் இழந்தவர்களுக்கென்று எங்கள் சபை மண்டபத்தில் அப்போது மூட்டை மூட்டையாகத் துணி சேர்ந்தது. பிரித்தால் பாதி கிழிசல், ஜிப் போன கால்சட்டை, சாயம் போன நைட்டி. வீட்டில் தரை துடைக்க வைத்திருந்ததை எல்லாம் அனுப்பியிருந்தார்கள். தரம் பிரித்துத் தூக்கிப் போடவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அதே மூட்டைகளுக்கு நடுவில், கிறிஸ்மஸுக்கு எடுத்து ஒரே ஒரு நாள் கட்டிய புடவையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பழைய பெட்டியிலேயே வைத்து அனுப்பியிருந்தார் ஒருவர். யாரென்று இன்றுவரை தெரியாது.

நான்கு வயதுப் பிள்ளை ‘தாத்தா எப்போ வருவார்?’ என்று கேட்கிறது.

தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள். கல்லறையில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போடுவது பெரியவர்களுக்குப் புரியும். குழந்தை அன்று ராத்திரி தூங்கப் பயப்படும். செத்துப்போய்விட்டார், இயேசுவிடம் இருக்கிறார், நமக்கு அழுகையாக வருகிறது என்று சொல்லிவிட்டு, அழுகை வந்தால் பிள்ளை முன்னாலேயே அழுங்கள். நண்பர் லாசரு இறந்தபோது இயேசுவே கண்ணீர் விட்டார்.

ஞாயிறு காலை மகனுக்கு ஃபுட்பால் பயிற்சி. ஓய்வுநாள் பள்ளிக்கு வர மாட்டேன் என்கிறான்.

வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஃபுட்பாலா சபையா என்று கேட்டால் பதில் எனக்கே தெரியும். அந்தப் போட்டியை வைக்காதீர்கள். நாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வகுப்பு சேர்த்தோம், பந்தோடு வருகிறார்கள், பந்தை வாசலில் வைத்துவிட்டு உட்காருகிறார்கள். உங்கள் சபையிலும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு ஃபுட்பால் மேல் கோபம் இல்லை, டியூஷன் மேல்தான். பத்தாம் வகுப்பு வந்ததும் பெற்றோரே வந்து, “ஒரு வருஷம் லீவு குடுங்க சிஸ்டர், பப்ளிக் எக்ஸாம்” என்பார்கள். அப்புறம் பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் நீட். பிள்ளை காலேஜ் முடித்து வேலைக்குப் போனபின், சபைக்கு வருவதே இல்லை, ஜெபம் பண்ணுங்கள் என்று வந்து நிற்பார்கள். பரீட்சை வந்தால் கர்த்தர் தள்ளி நிற்கலாம் என்று பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

வசனம் மனப்பாடம் செய்ய வைப்பது நல்லதுதானே?

நல்லதுதான், அளவோடு. இதில் நானே கெட்டுப்போனவள். என் மகனுக்கு ஒன்பது வயதில் 119-ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன். 176 வசனம். எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எட்டு வசனமாகப் பிரிந்திருக்கும். வாரத்துக்கு எட்டு என்று கணக்குப் போட்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து சனிக்கிழமை ஆனால் அவனுக்கு வயிற்று வலி. விடவில்லை. போட்டியில் கோப்பை வாங்கினான், எல்லாரும் கை தட்டினார்கள், நான் அந்தக் கோப்பையை டிவி மேல் வைத்தேன். மறுவருடம் அவன் ஓய்வுநாள் பள்ளியையே விட்டுவிட்டான்.

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை அதற்குமுன் நூறு தடவை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன். பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி என்பதோடு நின்றுவிட்டேன் போல. அடுத்த வரியில், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் பேசு என்று இருக்கிறது. மேடையும் மைக்கும் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது வகுப்பில் மாதத்துக்கு ஒரு வசனம்தான். அதோடு கூட ஒரு வேலை. ‘உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது’ படித்த மாதம், யாருக்கும் தெரியாமல் ஒருவருக்கு ஏதாவது செய்துவிட்டு வர வேண்டும், வந்து சொல்லவும் கூடாது. ஒரு பொடியன் அந்த மாதம் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். என்ன செய்தான் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அவர் ராத்திரி இரண்டு மணிக்கு ஹார்பர் போகிறார், நான் வேலை முடிந்து எட்டு மணிக்கு வருகிறேன். குடும்ப ஜெபம் எப்போது வைப்பது?

எல்லாரும் சேர்ந்து உட்கார முடிகிற பத்து நிமிடம் எதுவோ அது. அதுவும் இல்லை என்றால் யார் வீட்டில் இருக்கிறாரோ அவர். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர், அவருக்கு விசுவாசம் இருந்ததாகத் தெரியவில்லை. பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள், இந்த இரண்டு பெண்களிடமிருந்துதான் வந்தது என்று பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். வீட்டில் ஆயா இருந்தால் பாதிக் கவலை விட்டது.

பதினாறு வயது மகள் ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்கிறாள். எங்கே தப்புப் பண்ணினோம்?

‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து’ என்ற வசனத்தை யாராவது உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள். அது நீதிமொழி, கேரண்டி கார்டு இல்லை. சாமுவேலின் சொந்தப் பிள்ளைகளே அவர் வழியில் நடக்கவில்லை, லஞ்சம் வாங்கினார்கள் என்று 1 சாமுவேல் 8 சொல்கிறது. அவளோடு வாதாடாதீர்கள், சாப்பாட்டில் முகம் காட்டாதீர்கள், ‘உன்னால எனக்குச் சபையில தலை நிமிர முடியல’ என்ற வார்த்தையை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள்.

என் மகன் இப்போதும் ஆராதனைக்கு வருவதில்லை. டிசம்பரில் அரிசி மூட்டை தூக்கும் நாளன்று மட்டும் வருவான். தூக்கிப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போவான். நான் ஒன்றும் கேட்பதில்லை.

தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு கொடுப்பது, கைக்கு வருகிற சம்பளத்திலா, பிடித்தத்துக்கு முன்னால் உள்ளதிலா?

பி.எஃப். பிடிப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டு எனக்கு வாட்ஸப்பில் கணக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஒற்தலாம் என்கிற புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் அளந்து கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு என்ன சொன்னார் என்று மத்தேயு 23-இல் பாருங்கள்.

உபாகமம் 14-ஐ யாரும் படித்துக் காட்டுவதில்லை, ஏனென்று தெரியவில்லை. அங்கே தசமபாகத்தைப் பணமாக்கிக்கொண்டு போய், ஆலயம் இருக்கும் இடத்தில் வேண்டியதை வாங்கி, வீட்டாரோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்று இருக்கிறது. மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை உன் ஊர் வாசலிலேயே வை, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடட்டும் என்று இருக்கிறது. பத்தில் ஒன்று நல்ல அளவுகோல். கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து அடுத்தவரை அளக்காதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் காணிக்கை கொடுக்க முடியவில்லை. பாக்கி வைத்துப் பின்னால் கட்டலாமா?

பாக்கி என்ற வார்த்தையே காணிக்கைக்கு ஒத்துவராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. படகுக்காரர் மட்டும் இல்லை, ஐஸ் உடைக்கிறவர், வலை பின்னுகிறவர், கூடை தூக்குகிற அம்மா, எல்லாருக்கும் வரும்படி படுத்துவிடும். சரியாக அந்தச் சமயத்தில்தான் ஸ்கூல் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம். சபையில் அதே நேரத்தில்தான் விடுமுறை வேதாகமப் பள்ளி வைத்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கட்டணம் கேட்கிறோம். அதை நாங்கள் நிறுத்தியதே சில வருடம் முன்புதான், வெட்கமாகத்தான் இருக்கிறது.

2 கொரிந்தியர் 8-இல் பவுல் தெளிவாகச் சொல்கிறார்: மனவிருப்பம் இருந்தால் போதும், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும். இல்லாத மாதத்தில் கொடுக்காதீர்கள். தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவது நம் ஆட்களுக்குக் கொடுப்பதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கடலை நம்பிப் பிழைத்தவர்கள் கொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை. துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல் தூரத்தில் கடலிலேயே நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுவந்து கரையில் விட்ட படகுக்கார சமுதாயத்தின் உழைப்பில் எழுந்ததுதான் ராயபுரம் ராயப்பர் கோவில். இன்றைக்கும் காணிக்கை எண்ணும்போது ஜூன் கடைசி ஞாயிறு வந்துவிட்டது என்று காலண்டர் பார்க்காமலே சொல்லிவிடுவேன். பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டு எட்டாக மடித்து, ஈரத்தோடு, மீன் வாசனையோடு வரும். பிரித்து ஃபேன் காற்றில் காய வைத்துத்தான் கட்டுப் போட வேண்டும். பாங்குக் கவுண்டரில் ஒருமுறை மூக்கைச் சுளித்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் ஒரு கிறிஸ்தவளுக்கு ஆகாதது.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடும்போது ஒரு எலுமிச்சம்பழம் ஐயாயிரத்துக்குப் போகிறது. இது சரியா?

எனக்கு ஏலம் பிடிக்கும். முருங்கைக்காய், கோழி, கேக், யாரோ வீட்டு மாடியில் காய்த்த ஒற்றைப் பூசணிக்காய் எல்லாம் மேசையில் வரிசையாக இருக்கும்போது பிள்ளைகளைக் கட்டிப்போட முடியாது. எடுத்தவர் அதையே திரும்ப ஏலத்துக்கு விடுவதும் அழகு. ஆனால் எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு பேர் போட்டி போடும்போது பின்வரிசையில் இருக்கிற முகங்களையும் கொஞ்சம் பாருங்கள். கடைசியில் ஐந்து பொருளாவது இருபது ரூபாய்க்கு மேல் கேட்கக்கூடாது என்று வைத்தால் அவர்களும் கை தூக்குவார்கள். நாங்கள் வைக்கிறோம்.

காணிக்கையை ஜீபேயில் அனுப்பிவிடுகிறோம். பரவாயில்லையா?

சபைக் கணக்குக்கு நல்லது, எங்களுக்கு எண்ணுகிற வேலை மிச்சம். ஆனால் பிள்ளை என்ன பார்க்கிறது? அப்பா ஆராதனை நடுவில் போனை நோண்டுகிறார், அவ்வளவுதான். பெரிய தொகையை போனிலேயே அனுப்புங்கள். பிள்ளை கையில் ஒரு பத்து ரூபாயைக் கொடுத்துப் பையில் போடச் சொல்லுங்கள். அதைவிட, அதன் சொந்தக் காசிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து ரூபாய்க் காசைப் பையில் போடுவதற்கு முன் ஒரு வினாடி கையை மூடிக்கொள்ளும் பாருங்கள், அந்த ஒரு வினாடி ஜீபேயில் கிடைக்காது.

டிவியில் ஓர் ஊழியக்காரர், ஆயிரம் விதைத்தால் நூறு மடங்கு வரும் என்கிறார். அனுப்பலாமா?

வேண்டாம். நூறு மடங்கு நிச்சயம் என்றால் அவரே விதைத்துக்கொள்ளட்டும். இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையை இவர்கள் அடிக்கடி எடுப்பார்கள். மாற்கு 12-இல் அதற்குச் சரியாக முந்தின வசனத்தையும் படியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றியது.

அம்மாவுக்கு மருந்துச் செலவு, தலைக்கு மேல் கடன். முதலில் சபைக்கா, வீட்டுக்கா?

அம்மாவுக்கு. தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7-இல் கண்டித்திருக்கிறார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. கடனையும் அடையுங்கள்.

பிடி அரிசிக் காணிக்கை என்றால் என்ன? எங்கே கொண்டுவந்து கொடுப்பது?

உலை வைக்க அரிசி எடுக்கும்போது அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பது. தமிழ்நாட்டுச் சபைகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது. கையில் காசு புழங்காத பெண்கள் எவரிடமும் கேட்காமல் கொடுக்க முடிந்த ஒரே காணிக்கை அதுவாகத்தான் இருந்தது.

எங்கள் ஆயா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். வீட்டில் கஞ்சி காய்ச்சின நாளிலும் போட்டார், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்று நான் அழுதேன். ஆயா இறந்து சில மாதம் கழித்து மேல்தட்டைச் சுத்தம் செய்தபோது பாட்டில் கிடைத்தது. பாதி அரிசி, அதில் முக்கால்வாசி வண்டு. கொட்டிவிடப் போனேன். மகன் அப்போது சின்னவன், “இது யாருக்கு வெச்சது?” என்று கேட்டான். யாருக்கென்று ஆயாவுக்கே தெரியாது என்றேன். உட்கார்ந்து இரண்டு பேருமாக முறத்தில் புடைத்து எடுத்தோம், ஒன்றரை ஆழாக்கு தேறியது.

ரேஷன் அரிசி போடலாமா என்று கேட்கிறார்கள். நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்களோ அதைப் போடுங்கள். உங்களுக்குப் பொன்னி, காணிக்கைக்கு ரேஷன் என்று பிரிக்காதீர்கள். வண்டு வராமல் இருக்க இரண்டு காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு வையுங்கள், மாதக் கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழரை மணியிலிருந்து சபை மண்டபத்துப் பின்வாசல் திறந்திருக்கும். கதவுக்கு இடதுபக்கம் நீல டிரம். பெயர் எழுத வேண்டாம், ரசீதும் கிடையாது. மூடி இறுக்கமாக இருக்கும், கூட வருகிற பிள்ளையைத் திறக்கச் சொல்லுங்கள்.